அறிக்கையில் உள்ள அந்த எண் எவ்வாறு வந்தது?
புற்றுநோய்த் திசுவின் புரதங்களைக் கணினி அளக்கும் முறை



உங்கள் சிகிச்சையில் பங்கேற்கும் மருத்துவர்களுள் உங்கள் முகத்தைப் பெரும்பாலும் பார்த்திராத ஒருவர் உண்டு. அவர் நோய்க்குறியியல் மருத்துவர். பெத்தாலஜிஸ்ட் என்று அழைக்கப்படும் நாங்கள், உங்கள் உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுவின் வழியாகவே உங்களை அறிகிறோம். நாங்கள் எழுதும் அறிக்கையில் 'ஈ.ஆர். 90 விழுக்காடு', 'ஹெர்-2: 2+', 'கே.ஐ.-67: 18 விழுக்காடு' என்பன போன்ற எண்கள் இருக்கும். அண்மைக் காலமாகச் சில அறிக்கைகளில் 'கணினிவழிப் பட ஆய்வு செய்யப்பட்டது' என்னும் ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது.

அந்த வரியைப் படித்துவிட்டு, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றால் தவறே இருக்காது அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். "அப்படியானால் டாக்டர் யாரும் பார்க்கவில்லையா?" என்று வேறு சிலர் கவலைப்படுகிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், அந்த எண் பிறக்கும் வழியை முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வழியில் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். மார்பகப் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

புரத அடையாளம் என்பது என்ன?

ஒரே பெயருடைய புற்றுநோய் எல்லோரிடமும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. புற்றுநோய்ச் செல்கள் எந்தெந்தப் புரதங்களை மிகுதியாக உருவாக்குகின்றன என்பதைப் பொறுத்து அதன் போக்கும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் மாறுபடும். இவ்வாறு சிகிச்சைக்கு வழிகாட்டும் புரதங்களையே அடையாளப் புரதங்கள் என்கிறோம்.

மார்பகப் புற்றுநோயில் நாங்கள் வழக்கமாகத் தேடுபவை நான்கு. ஈ.ஆர்., பி.ஆர். என்னும் இரண்டும் பெண்மை ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள். இவை செல்லின் உட்கருவில் இருக்கும். ஈ.ஆர். இருந்தால், டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரைகள் பயன் தரும். ஹெர்-2 என்பது செல்லின் மேற்சவ்வில் அமைந்து, 'வளர், பெருகு' என்னும் கட்டளையை உள்ளே கடத்தும் புரதம். இது அளவுக்கு மீறி இருப்போருக்கு ட்ராஸ்டுசுமாப் என்னும் மருந்து உண்டு. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற இம்மருந்து பலரின் ஆயுளை நீட்டித்திருக்கிறது. நான்காவதான கே.ஐ.-67, பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் மட்டுமே காணப்படுவது. எனவே, கட்டி எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பதை அது குறிப்பால் உணர்த்தும்.

புரதத்தைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தல்

அகற்றப்பட்ட திசு முதலில் பார்மலின் என்னும் திரவத்தில் இடப்படுகிறது. இது திசு அழுகாமல் காத்து, புரதங்களை அவை இருந்த இடத்திலேயே நிலைநிறுத்துகிறது. பின்னர்த் திசுத் துண்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டு, 'பிளாக்' எனப்படும் சிறு மெழுகுக் கட்டிகளாக ஆக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் தடிமனுள்ள சீவல்களை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டுகிறோம். இது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

அடுத்து, தேடப்படும் புரதத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி அந்தச் சீவலின் மீது விடப்படுகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல் அது தனக்குரிய புரதத்தில் மட்டும் பொருந்தும். பொருந்திய இடமெல்லாம் பழுப்பு நிறம் தோன்றும்படி ஒரு வேதிவினை நிகழ்த்தப்படுகிறது. மற்றச் செல்களின் உட்கருக்கள் நீல நிறத்தில் தெரியும். ஐ.எச்.சி. என்று உங்கள் அறிக்கையில் குறிக்கப்படும் சோதனை இதுதான். பழுப்பு எங்கே இருக்கிறது, எத்தனை செல்களில் இருக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கான விடையே அறிக்கையில் எண்ணாக மாறுகிறது.

கண்ணும் கணினியும்

இந்த மூன்று வினாக்களுக்கும் நெடுங்காலமாக மருத்துவரின் கண்ணே விடை சொல்லி வந்தது. இன்றும் பெரும்பாலான இடங்களில் அதுவே நடைமுறை. ஈ.ஆர். சோதனையில் பத்தில் ஒன்பது செல்கள் பழுத்திருந்தாலோ, ஒன்றுகூடப் பழுக்காதிருந்தாலோ, கண் தயங்குவதில்லை. இடைப்பட்ட நிலைகளில்தான் இடர்ப்பாடு. கே.ஐ.-67ஐ எண்ணுவதற்குக் குறைந்தது 500 செல்களையாவது பார்க்க வேண்டும் என்பது பன்னாட்டு வல்லுநர் குழுவின் பரிந்துரை. ஒரே ஸ்லைடைப் பார்க்கும் இரு மருத்துவர்களுள் ஒருவர் 15 விழுக்காடு என்றும் மற்றவர் 22 விழுக்காடு என்றும் சொல்வது அரிதன்று. இருவரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். அவர்கள் எண்ணத் தேர்ந்தெடுத்த இடங்கள் வேறு. மங்கலான பழுப்பை ஒருவர் கணக்கில் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார்.

ஹெர்-2 சோதனையில் 0, 1+, 2+, 3+ என்று நான்கு படிகள் உள்ளன. 10 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட புற்றுநோய்ச் செல்களைச் சுற்றி அடர்த்தியான, முழுமையான பழுப்பு வளையம் தெரிந்தால் அது 3+. வளையம் முழுமையாக இருந்தும் அடர்த்தி நடுத்தரமாக இருந்தால் 2+. அப்போது மரபணுவையே நேரடியாகப் பார்க்கும் 'ஃபிஷ்' சோதனை தேவைப்படும். முன்பெல்லாம் 0, 1+ ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிகிச்சையை மாற்றவில்லை. ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்னும் மருந்து, பரவிய நோயில் ஹெர்-2 குறைவாக உள்ளவர்களுக்கும் பயன் தருகிறது என்று 2022இல் தெரிய வந்தபின் நிலைமை மாறியது. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், 18 நோய்க்குறியியல் மருத்துவர்கள் 170 பயாப்சிகளின் ஸ்லைடுகளைப் பார்த்தனர். 2+, 3+ இவற்றைப் பிரித்தறிவதில் அவர்களுக்குள் 58 விழுக்காடு ஒத்த கருத்து இருந்தது. 0, 1+ இவற்றைப் பிரித்தறிவதிலோ 26 விழுக்காடே இருந்தது. மிக மங்கலான பழுப்பை அளக்க மனிதக் கண்ணுக்குத் துணை வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அந்தத் துணையே கணினிவழிப் பட ஆய்வு. முதலில் ஸ்கேனர் கருவி ஸ்லைடு முழுவதையும் படமாக்குகிறது. ஒரு புள்ளி கால் மைக்ரான் அளவு என்று கொண்டால், 15 மில்லிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள திசுவின் படத்தில் 360 கோடிப் புள்ளிகள் இருக்கும். மென்பொருள் அந்தப் படத்தில் நீலத்தையும் பழுப்பையும் தனித்தனியே பிரிக்கிறது. பிறகு ஒவ்வோர் உட்கருவின் எல்லையையும் வரைகிறது. உருவம், அளவு, அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு புற்றுநோய்ச் செல் எது, சாதாரணச் செல் எது என்று வகைப்படுத்துகிறது. இறுதியில் பழுப்பின் அடர்த்தியை அளந்து எண்ணாகத் தருகிறது. 500 செல்களுக்குப் பதில் பல்லாயிரம் செல்களை அது எண்ணும். களைப்படையாது. இன்று எண்ணினாலும் நாளை எண்ணினாலும், அதே படத்துக்கு அதே விடையையே தரும்.

புதிய அடையாளங்களைத் தேடும் பணி

இம்முறை அறிந்த புரதங்களை அளப்பதற்கு மட்டுமன்றி, அறியாதவற்றைத் தேடுவதற்கும் பயன்படுகிறது. 1998இல் 'திசு நுண்வரிசை' என்னும் நுட்பம் விரிவாக அறிமுகமாயிற்று. பல நோயாளிகளின் மெழுகுக் கட்டிகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய உருளைகளை எடுத்து, ஒரே கட்டியில் நாற்று நடுவதுபோல் வரிசையாக நட்டுவிடுவார்கள். ஒரே ஸ்லைடில் நூற்றுக்கணக்கானோரின் கட்டிகளைச் சாயமேற்றி, கணினியால் அளந்து, அவர்களுடைய நோய் பின்னாளில் எப்படிச் சென்றது என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க இது வழி செய்தது.

இத்தகைய முயற்சிகளுள் பெரியது, சுவீடன் நாட்டில் மத்தியாஸ் ஊலென் தலைமையில் 2003இல் தொடங்கிய 'மனிதப் புரத வரைபடம்' என்னும் திட்டம். மனித உடலின் புரதங்கள் எந்தத் திசுவில், எந்தச் செல்லில் இருக்கின்றன என்பதை இயல்பான திசுக்களிலும் 20 வகைப் புற்றுநோய்களிலும் அது படமாக்கி, யாவரும் காணும்படி வெளியிட்டு வருகிறது. அந்தப் படங்களில் பெரும் எண்ணிக்கையிலானவற்றைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்ட குழுவினர் மும்பையைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால், ஒரு புரதம் கட்டியில் மிகுதியாக இருப்பதாகக் கண்டறிவது முதற்படியே. எந்த அளவுக்கு மேல் 'மிகுதி' என்று கொள்வது என்னும் எல்லைக்கோட்டை ஒரு குழுவினரிடம் வகுத்தால், அது அக்குழுவினருக்கு நன்றாகவே பொருந்தும். வேறு ஊரில், வேறு குழுவினரிடம் சோதிக்கும்போதும் அது நிலைக்க வேண்டும். பல புரதங்கள் இந்தப் படியைத் தாண்டுவதில்லை. எனவே, 'புற்றுநோய்க்குப் புதிய அடையாளம் கண்டுபிடிப்பு' என்று நாளிதழில் படித்தால், உங்கள் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தச் சோதனையின் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?" மாற்றாது என்றால், அந்தச் சோதனைக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

கணினி பூஜ்யம் என்று சொன்ன நாள்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாருக்கு வேறோர் ஊரில் ஒரு சனிக்கிழமை மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. அகற்றிய திசுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, சோதனைக்குக் கொடுக்கும்படி அவருடைய கணவரிடம் தந்திருந்தார்கள். ஞாயிறு விடுமுறை என்பதால் திங்கட்கிழமை காலையில்தான் அவர் பேருந்தில் அதைக் கொண்டுவந்தார். டப்பாவில் பார்மலின் பாதியளவே இருந்தது. திசு வெட்டித் திறக்கப்படாமல் முழுதாகவே இருந்தது. பார்மலின் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உட்புகும். வெளிப்புறம் கெட்டிப்பட்டிருந்தது, நடுவில் இருந்த கட்டியோ நெகிழ்ந்து வெளிறிப் போயிருந்தது.

சாயமேற்றிய ஸ்லைடைக் கணினி ஆராய்ந்தது. சில ஆயிரம் செல்களை எண்ணி, ஈ.ஆர். பூஜ்யம் என்று காட்டியது. அதை அப்படியே அறிக்கையில் எழுதியிருந்தால், அந்த அம்மையாருக்கு ஹார்மோன் மாத்திரை கிடைத்திருக்காது.

ஆனால், ஸ்லைடின் ஓர் ஓரத்தில் புற்றுநோய் இல்லாத இயல்பான பால்நாளங்கள் இருந்தன. அவற்றின் செல்கள் சிலவற்றிலாவது ஈ.ஆர். பழுப்பு தெரிய வேண்டும், அங்கும் இல்லை. நல்ல திசுவிலேயே நிறம் தோன்றாதபோது, கட்டியில் தோன்றாததை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. கணவரை அழைத்து, அறுவைக்கு முன் ஊசிவழி எடுத்த பயாப்சியின் பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல பூஜ்யம்னு வந்துடுச்சாமே டாக்டர், அப்புறம் எதுக்கு மறுபடியும் அலையணும்?" என்றார் அவர், களைப்போடு.

"ஐயா, கம்ப்யூட்டர் சரியாத்தான் எண்ணியிருக்கு. ஆனா அதுக்கு நாம காட்டின திசு கெட்டுப்போயிருக்கு. முதல்ல எடுத்த அந்தச் சின்னத் துண்டு நல்லா இருக்கும். அதைக் கொண்டுவாங்க, பார்த்துடுவோம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்த பிளாக்கோடு வந்தார். ஊசியால் எடுத்த மெல்லிய துண்டு என்பதால் பார்மலின் அதில் உடனே ஊறியிருந்தது. மறுபடி செய்த சோதனையில் ஈ.ஆர். 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அதே ஆன்டிபாடி, அதே ஸ்கேனர், அதே மென்பொருள். மாறியது திசு ஒன்றே. அந்த அம்மையார் இன்று நாள்தோறும் ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறார்.

கணினி தவறும் இடங்கள்

திசு நன்றாக இருந்தாலும் கணினி இடறக்கூடிய இடங்கள் உண்டு. பால்நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் தொடக்கநிலைப் புற்றுநோய்ச் செல்களில் ஹெர்-2 மிகுந்திருக்கலாம். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பவை, நாளத்தைத் தாண்டி ஊடுருவிய செல்கள். இரண்டையும் பிரிக்காமல் எண்ணினால் விடை பிழையாகும். கட்டியைச் சூழ்ந்துள்ள வெள்ளை அணுக்களும் பெருகிக்கொண்டிருக்கலாம். அவற்றைப் புற்றுநோய்ச் செல்கள் என்று கொண்டால் கே.ஐ.-67 உயர்ந்துவிடும். பழைய இரத்தக் கசிவின் பழுப்பும், மடிந்த சீவலின் இருண்ட கோடும் மென்பொருளை ஏமாற்றக்கூடும்.

ஆகவே, எந்தப் பகுதியை எண்ண வேண்டும் என்பதை நோய்க்குறியியல் மருத்துவரே குறிக்கிறார். ஒவ்வொரு தொகுதியோடும் விடை முன்பே தெரிந்த ஒரு திசுவையும் சேர்த்துச் சாயமேற்றி, சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்கிறார். கணினி வரைந்த எல்லைகளைத் திரையில் சரிபார்த்து, கண்ணுக்குத் தெரிவதும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஆராய்கிறார். ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று கண்டறியும்வரை கையெழுத்திடுவதில்லை. அறிக்கைக்குப் பொறுப்பு அந்தக் கையெழுத்துக்கு உரியவரே.

நீங்கள் செய்யக்கூடியவை

1. அகற்றிய திசுவை நீங்களே ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால், டப்பாவில் இருப்பது பார்மலின்தானா என்று கேளுங்கள். திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு பார்மலின் இருப்பது நல்லது. தண்ணீரிலோ சலைனிலோ இடக் கூடாது. பெரிய திசுவாயின், "உள்ளே ஊறும்படி வெட்டித் திறந்திருக்கிறீர்களா?" என்று அறுவை மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். நீங்களாக டப்பாவைத் திறக்க வேண்டாம்.

2. திசு அகற்றப்பட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் இடப்பட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும். அகற்றிய நேரத்தையும் பார்மலினில் இட்ட நேரத்தையும் டப்பாவின் மீது எழுதித் தரச் சொல்லுங்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் அறுவை என்றால், ஆய்வகம் எப்போது திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

3. பிளாக்கும் ஸ்லைடும் அறிக்கையைப் போலவே முக்கியமானவை. மருத்துவமனை மாறும்போது அவற்றைக் கேட்டுப் பெற்று, எங்கே கொடுத்தீர்கள் என்பதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் மெழுகால் ஆனது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். இன்று இல்லாத ஒரு சோதனை நாளை வரும்போது, அந்தச் சிறு கட்டியே உங்களுக்கு உதவும்.

4. எலும்பிலிருந்து எடுத்த பயாப்சியில் புரதச் சோதனை எதிர்மறையாக வந்தால், வேறிடத்துத் திசு கிடைக்குமா என்று கேளுங்கள். எலும்பை மென்மையாக்கப் பயன்படும் அமிலம் புரதங்களைச் சிதைக்கக்கூடும்.

5. ஹெர்-2 சோதனை 2+ என்று வந்தால் அஞ்ச வேண்டாம். முடிவு கெட்டது என்பது அதன் பொருளன்று. ஃபிஷ் சோதனைக்குப் பிறகே முடிவு தெரியும் என்பதே பொருள்.

6. அறிக்கையில் 'சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும்' என்று இருந்தால், அது ஆய்வகம் பணம் பறிக்கும் வழி என்று எண்ணிவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், விளக்கம் பெறுவது உங்கள் உரிமை.

நிறைவாக

கணினி நன்றாக எண்ணும். எதை எண்ண வேண்டும், அந்த எண்ணை நம்பலாமா என்பவற்றை மருத்துவர் தீர்மானிக்கிறார். எண்ணத் தகுந்த நிலையில் திசு வந்து சேர்வதற்கு, அறுவை அரங்கில் தொடங்கி அந்த டப்பாவைக் கையில் ஏந்தி வரும் குடும்பத்தார்வரை எல்லோரும் பொறுப்பு. அடுத்த முறை உங்கள் அறிக்கையில் ஒரு விழுக்காட்டைப் பார்க்கும்போது, அது எந்தத் திசுவிலிருந்து, எப்படி வந்தது என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தேவையெனில் எங்கள் துறைக்கும் வாருங்கள். உங்கள் ஸ்லைடைத் திரையில் காட்டி விளக்க நாங்கள் காத்திருக்கிறோம்.